“அது எப்படித் தெரியும், சேர்?”

கண்டி வீதி யாழ்ப்பாண நகரிலிருந்து கிழக்கே வந்து அரியாலையைக் கடந்து, செம்மணி வெளியைத் தொட்டுக்கொண்டு நாவற்குழிப் பாலத்துக்குப் போகிறது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்துச் சனம் இலட்சக்கணக்கில், கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தது இந்தப் பக்கத்தால்தான். செம்மணிப் பகுதியில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டுள்ளன என்று, கொலை வழக்கொன்றில் மரண தண்டனை விதிக்கப்பட்ட இராணுவச் சிப்பாய் ஒருவர் 1998இல் நீதிமன்றத்தில் சொன்னார். அடுத்த வருடம் நடந்த அகழ்வில் 15 உடல்கள் எடுக்கப்பட்டன. அதன் பிறகு கால் நூற்றாண்டு மௌனம். 2025 பெப்ரவரியில் அரியாலை சித்துப்பாத்தி இந்து மயானத்தில் கட்டட வேலைக்காக நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிவந்தன. நீதிமன்ற மேற்பார்வையில், தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ தலைமையில் அகழ்வு தொடங்கியது. செப்டெம்பர் மாதத்துக்குள் அடையாளம் காணப்பட்ட எலும்புக்கூடுகள் இருநூறைத் தாண்டிவிட்டன. அவற்றோடு ஒரு பாடசாலைப் புத்தகப் பையும் குழந்தையின் விளையாட்டுப் பொம்மையும் கண்ணாடி வளையல்களும் கிடைத்தன. கண்டெடுத்த பொருள்கள், உரியவர்கள் அடையாளம் காண்பதற்காக ஆகஸ்டில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன.

இந்த மயானத்துக்குச் சைக்கிள் தூரத்தில் இருக்கும் பாடசாலைகளில் இன்று தரம் 10 படிக்கும் பிள்ளைகளுக்குப் பதினைந்து வயது. 2009 மே மாதம் போர் முடிந்தபோது அவர்களில் பெரும்பாலானோர் பிறந்திருக்கவே இல்லை. ஷெல் சத்தமோ பங்கரோ சோதனைச் சாவடியோ அவர்களுக்கு நேரடி நினைவில் கிடையாது. வீட்டில் கேட்ட அரைகுறைக் கதைகளும் கைத்தொலைபேசியில் பார்த்த காணொளிகளும் மட்டும் இருக்கின்றன. வகுப்பில் வரலாற்றுப் பாடவேளை வாரந்தோறும் வருகிறது. அநுராதபுரத்து நீர்ப்பாசனமும் பொலநறுவை இராச்சியமும் கைத்தொழிற் புரட்சியும் படிக்கிறார்கள். மதிலுக்கு வெளியே மண்ணைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருப்பதும் வரலாறுதான் என்று எந்தப் பிள்ளைக்கும் தோன்றும். ‘அவை யாருடைய எலும்புகள், எந்தக் காலத்தவை, அது எப்படித் தெரியும்?’ என்று அந்தப் பிள்ளை கேட்டால், ஆசிரியர் என்ன செய்யலாம்? அவை யாருடையவை என்பதை நீதிமன்றமும் தடயவியலும்தான் சொல்ல வேண்டும். ஆசிரியர் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் மண்ணடுக்கை ஏன் அங்குலம் அங்குலமாக எடுக்கிறார்கள், ஒரு பொருள் கிடந்த இடத்தையும் ஆழத்தையும் ஏன் எழுதிவைக்கிறார்கள், சாட்சியின் வாக்குமூலத்தை எதனோடு ஒத்துப் பார்க்கிறார்கள் என்பதை ஒரு பாடவேளையில் விளங்கப்படுத்தலாம். அதற்கு அவருக்கு அந்த முறை கைவந்திருக்க வேண்டும். பாடநூலைத் தவிர வேறெதையும் தொட்டுப் பார்த்திராத ஆசிரியர், கேள்வியை அதட்டி அடக்குவார். அல்லது தன் அரசியலைச் சொல்லிவிட்டுப் போவார். இரண்டிலும் பிள்ளை கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை.

வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் பட்டத்துக்கு மேலே ஒரு பட்டம் படிக்க வேண்டுமா என்ற கேள்வியை நான் இந்த இடத்திலிருந்துதான் பார்க்கிறேன். எங்கள் பக்கத்தில் இந்தப் பேச்சு எழுந்தால் உடனே சம்பள ஏற்றத்துக்கும் பதவி உயர்வுக்கும் அதிபர் சேவைக்கும் போய்விடும். அவை தேவையற்றவை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் வரலாற்று ஆசிரியருக்கு முதுமாணிப் படிப்பு தேவைப்படும் முதற் காரணம் வேறு: வாழ்க்கையில் ஒரு முறையாவது, யாரும் விடை எழுதித் தராத ஒரு கேள்வியை எடுத்து, மூல ஆதாரங்களைத் தேடி, அவை ஒன்றையொன்று மறுக்கும் இடத்தில் தடுமாறி, தன் முடிவுக்குத் தானே பொறுப்பேற்று எழுதிப் பார்த்தவர்தான் அந்தப் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கடத்த முடியும். கணித ஆசிரியர் கணக்கைச் செய்து பார்க்காமல் கற்பிக்க முடியாது. விஞ்ஞான ஆசிரியர் ஆய்வுகூடத்துக்குள் போகாமல் வர முடியாது. வரலாற்று ஆசிரியர் மட்டும் ஒரு ஆவணத்தைக்கூடக் கையில் எடுக்காமல் முப்பத்தைந்து வருடம் சேவை செய்து ஓய்வு பெறலாம் என்ற நிலைமையை நாம் இயல்பாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆசிரியராவதற்கு இங்கே உள்ள வழிகளை அறியாத வாசகருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். உயர்தரம் முடித்துக் கோப்பாயில் உள்ளதுபோன்ற தேசிய கல்வியியற் கல்லூரிக்குப் போகிறவர் இரண்டு வருடம் கல்லூரியிலும் ஒரு வருடம் பாடசாலையில் கட்டுறுபயிலுநராகவும் இருந்து கற்பித்தல் டிப்ளோமா பெறுகிறார். பல்கலைக்கழகம் போகிறவர் கலைமாணிப் பட்டத்தோடு நியமனம் பெற்று, பிறகு பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்கிறார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கல்வியியல் துறையிலோ திறந்த பல்கலைக்கழகத்திலோ தேசிய கல்வி நிறுவகத்திலோ அதைப் படிக்கலாம். அதற்கு மேலே இரண்டு படிகள் பிரிகின்றன. ஒன்று கல்வியியல் முதுமாணி. மற்றது வரலாற்றிலோ தொல்லியலிலோ முதுகலைமாணி, முதுதத்துவமாணி. முதலாவதைப் படிப்பவர் கல்வி உளவியல், முகாமைத்துவம், மதிப்பீடு எல்லாம் படித்து வருவார். வரலாற்றுக் கேள்வி எதையும் சந்திக்காமலே பட்டத்தை முடித்துவிடலாம். இரண்டாவதைப் படிப்பவர் கல்வெட்டுப் படிக்கத் தெரிந்து வருவார். அதைப் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியியலாளர் 1986இல் இந்தப் பிளவைத்தான் சுட்டிக்காட்டினார். பாட அறிவு ஒன்று, கற்பிக்கும் நுட்பம் ஒன்று என்று பிரித்துவைத்தால், ஆசிரியருக்கே உரிய மூன்றாவது அறிவு விடுபட்டுப் போகிறது: இந்தப் பாடத்தின் இந்த இடத்தில் பிள்ளை எங்கே தடுக்கி விழும், எந்த உதாரணம் பிள்ளையைத் தூக்கிவிடும் என்ற அறிவு. பின்லாந்தில் பாட ஆசிரியர் தன் பாடத்தில் முதுமாணிப் படிப்பையும் கற்பித்தற் கல்வியையும் சேர்த்தே முடித்துத்தான் வகுப்புக்குப் போகிறார்.

இலங்கையில் இந்தத் தேவை இன்னும் கூடுதலாக இருப்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1972இன் கலைத்திட்ட மாற்றத்தோடு வரலாறும் புவியியலும் குடியியலும் சமூகக் கல்வி என்ற ஒரே பாடத்துக்குள் கரைக்கப்பட்டன. ஏறத்தாழ முப்பத்தைந்து வருடங்கள் கழித்து, 2007 அளவில், தரம் 6 முதல் 11 வரை வரலாறு தனிப்பாடமாக, கட்டாயப் பாடமாகத் திரும்பி வந்தது. இன்று க.பொ.த. சாதாரண தரத்தில் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம் ஆகியவற்றோடு அதுவும் எல்லோரும் எடுக்க வேண்டிய பாடம். பாடம் திரும்பி வந்தது. அந்தப் பாடத்துக்கான ஆசிரிய மரபு ஒரு தலைமுறை அறுந்திருந்தது. இடைப்பட்ட காலத்தில் படித்து ஆசிரியரானவர்கள் தாமே சாதாரண தரம் வரை வரலாற்றைத் தனிப் பாடமாகக் கண்டதில்லை. 2025இல் புதிய கல்விச் சீர்திருத்த முன்மொழிவுகள் வெளிவந்தபோது, தரம் 10, 11இல் வரலாற்றுக்கு என்ன இடம் என்ற விவாதம் பாராளுமன்றம் வரை போனது. பாடம் கட்டாயமா விருப்பத்தெரிவா என்று எல்லோரும் வாதாடினார்கள். அதைக் கற்பிக்கிறவர் எதைப் படித்திருக்க வேண்டும் என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. எனக்கு அதுதான் பெரிய கேள்வியாகத் தெரிகிறது.

வரலாற்றை அறிந்திருப்பதற்கும் வரலாற்றாளரைப் போல வாசிப்பதற்கும் இடையே உள்ள தூரத்தை ஒரு சிறிய ஆய்வு அழகாகக் காட்டியது. சாம் வைன்பேர்க் என்ற ஆய்வாளர், எட்டு வரலாற்றாளர்களையும் எட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களையும் எடுத்து, அமெரிக்க சுதந்திரப் போரின் தொடக்கமான 1775இன் லெக்சிங்டன் மோதல் பற்றிய ஆவணங்களைக் கொடுத்து, வாசிக்கும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். அதன் முடிவுகள் 1991இல் வெளிவந்தன. வரலாற்றாளர்களில் பாதிப் பேர் அமெரிக்க வரலாற்றுக்கே புறம்பான துறைகளைச் சேர்ந்தவர்கள். ஆனாலும் அவர்கள் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும், அதாவது நூற்றுக்கு 98 தடவை, ஆவணத்தை எழுதியவர் யார், எப்போது, எதற்காக என்பதைக் கவனித்தார்கள். மாணவர்கள் அப்படிக் கவனித்தது 31 தடவைதான். மாணவர்கள் கெட்டிக்காரர்கள், வாசிப்பில் குறையில்லை. அவர்களுக்கு எழுத்தில் இருப்பது செய்தி. வரலாற்றாளருக்கு அது ஒருவரின் கூற்று. ஒரு போர்வீரனின் வாக்குமூலத்தைவிடப் பின்னால் எழுதப்பட்ட பாடநூலையே மாணவர்கள் கூடுதலாக நம்பினார்கள். இந்த ஆய்வை வாசிக்கும் எங்கள் ஊர் ஆசிரியருக்குக் கொஞ்சம் உறைக்கும். ஏனென்றால் எங்கள் பிள்ளைகள் பாடநூலை எழுதியவர் யார் என்று அட்டையைத் திருப்பிப் பார்த்ததில்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்திலிருந்து இலவசமாக வருகிறது, பரீட்சைக்கு வருகிறது, அவ்வளவுதான்.

இதை அரியாலைக்குப் பக்கத்துத் தெருவில் வைத்துப் பார்க்கலாம். நல்லூரில் சங்கிலித் தோப்பு வளைவும் மந்திரிமனையும் யமுனா ஏரியும் இருக்கின்றன. முத்திரைச்சந்தியில் வாளோடு சங்கிலிய மன்னனின் சிலை நிற்கிறது. பிள்ளைகள் தினமும் கடந்துபோகும் இடங்கள். சங்கிலி யார் என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் சொல்லும். எப்படித் தெரியும் என்று கேட்டால்தான் விஷயம் தொடங்குகிறது. யாழ்ப்பாண அரசர்களின் கதையை நமக்குத் தரும் முக்கிய நூல் மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை. அது 18ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்தர் ஆட்சியில், ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கு எழுதப்பட்டது. கடைசி அரசன் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தெ ஒலிவேராவிடம் 1619இல் பிடிபட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு. எதிர்ப்பக்கத்துக் கதையைத் தருவது குவேறோஸ் என்ற யேசுசபைத் துறவி 1687இல் எழுதி முடித்த நூல். அவர் கோவாவில் இருந்து எழுதினார். இலங்கைக்கு வந்ததே இல்லை. இரண்டு பேரும் கண்ணால் கண்டவர்கள் இல்லை. ஒருவருக்குப் பழைய பாடல்களும் ஏடுகளும் ஆதாரம், மற்றவருக்குப் போர்த்துக்கேயப் பதிவுகள் ஆதாரம். 1519 முதல் 1561 வரை ஆண்ட முதலாம் சங்கிலியும் 1619இல் தோற்ற இரண்டாம் சங்கிலியும் வைபவமாலையில் ஒருவரோடொருவர் கலந்துபோகிறார்கள். சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ எழுதியபோது இந்தச் சிக்கல்களைத்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். இன்னொன்றும் உண்டு. 1544இல் மன்னாரில் புதிதாகக் கிறிஸ்தவர்களான மக்களைக் கொல்வித்தவன் முதலாம் சங்கிலி. மன்னார்க் கத்தோலிக்கரின் நினைவில் அவர்கள் வேதசாட்சிகள். நல்லூர்ச் சந்தியில் சங்கிலி என்ற பெயர் வீரத்தின் பெயர். இரண்டு நினைவும் தமிழரின் நினைவே. இதை வகுப்பில் விரித்துக் கற்பித்தால் பிள்ளைக்குச் சங்கிலி மேல் மரியாதை குறையும் என்று நினைக்கிறவர்கள் பிள்ளைகளைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஒரு மனிதனைப் பற்றி ஏன் இரண்டு கதைகள் இருக்கின்றன என்று யோசிக்கத் தொடங்கும் பிள்ளை அவனை மறக்கப் போவதில்லை. ஆனால் இந்தப் பாடத்தை நடத்த ஆசிரியர் வைபவமாலையை முழுக்க வாசித்திருக்க வேண்டும். குவேறோஸின் நூல் 1930இல் ஆங்கிலத்தில் வந்துவிட்டது. அதில் தேவையான பக்கங்களைத் தெரிந்தெடுத்து எளிய தமிழில் தரத் தெரிந்திருக்க வேண்டும். கலைமாணிப் பட்டம் வரை இதற்கு அவகாசம் கிடைப்பது அரிது. முதுமாணிக்கு அதுதான் வேலை.

ஆய்வுப் பட்டம் ஆசிரியருக்குத் தரும் இன்னொரு பண்பு, தன் முடிவைத் தானே மாற்றிக்கொள்ளும் துணிவு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல் வளாகமாகத் தொடங்கியபோது அதன் வரலாற்றுத் துறையை வளர்த்தெடுத்த கா. இந்திரபாலாவை இதற்குச் சொல்ல வேண்டும். 1960களில் இலண்டனில் அவர் எழுதிய கலாநிதிப் பட்ட ஆய்வேடு, இலங்கையில் தமிழர் நிரந்தரமாகக் குடியேறிய காலத்தைப் பிந்தியதாகவே கணித்தது. அன்று கையிலிருந்த ஆதாரங்கள் அவ்வளவுதான். பிறகு பொம்பரிப்பிலும் கந்தரோடையிலும் பெருங்கற்காலப் பண்பாட்டுச் சான்றுகள் மேலும் வெளிப்பட்டன. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் அகழ்ந்தபோது ஒரு புதைகுழியில் பிராமி எழுத்துப் பொறித்த முத்திரை கிடைத்தது. அந்தப் பணியில் இந்திரபாலாவும் பொ. இரகுபதியும் இருந்தார்கள். 2005இல் ஆங்கிலத்திலும் அடுத்துத் தமிழிலும் வந்த தன் நூலில் இந்திரபாலா பழைய ஆய்வேட்டின் நிலைப்பாட்டைத் தாமே விட்டு விலகினார். தமிழரும் சிங்களவரும் பெரும்பாலும் இத்தீவின் பழங்குடிகளிலிருந்தே மெல்ல மெல்ல உருவான இனக்குழுக்கள் என்ற பார்வையை முன்வைத்தார். அவருடைய பழைய ஆய்வேட்டை அரசியலுக்காக மேற்கோள் காட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். புதிய நூலைத் தங்களுக்கு வசதியாகப் பாதி மட்டும் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் வரிசையாகப் படித்து, இடையில் எந்த ஆதாரம் வந்து எந்த முடிவை மாற்றியது என்று காட்டக்கூடிய ஆசிரியர் ஒருவர் இருந்தால், உயர்தர வகுப்புக்கு அதைவிட நல்ல பாடம் வேறு வேண்டாம்.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். மிகக் கனமானது புள்ளிவிவரத்திலிருந்து வருகிறது. ஆசிரியர் முதுமாணிப் பட்டம் வைத்திருப்பதால் மாணவரின் பெறுபேறு உயர்கிறதா என்று அமெரிக்காவில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். பொதுவாகக் கிடைத்த விடை: பெரிதாக இல்லை. கோல்ட்ஹேபர், புரூவர் என்ற பொருளியலாளர் இருவர் 1990களில் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். ஆசிரியரின் பட்டம் அவர் கற்பிக்கும் பாடத்திலேயே இருந்தால் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் பயன் தெரிந்தது. ஆங்கிலத்திலும் வரலாற்றிலும் தெரியவில்லை. என் வாதத்துக்கு இது நேர் எதிராக நிற்கிறது, மழுப்ப முடியாது. ஆனால் அந்தக் கணக்கில் அளக்கப்பட்டது என்ன என்று கேட்க வேண்டும். பல்தேர்வு வினாக்களில் பிள்ளை பெற்ற புள்ளி அளக்கப்பட்டது. நம் சாதாரண தர வரலாற்று வினாத்தாளிலும் 40 பல்தேர்வு வினாக்கள் உண்டு. விடையை நினைவில் வைத்திருக்கப் பழக்குவதற்கு ஆசிரியர் ஆவணக் காப்பகத்துக்குப் போயிருக்க வேண்டியதில்லை. கடந்தகால வினாத்தாள் கட்டும் நல்ல தனியார் கல்வி நிலையமும் போதும். ஆசிரியரின் ஆழ்ந்த படிப்பு எங்கே பயன் தரவேண்டுமோ அந்த இடத்தை அந்த அளவுகோல் தொடவே இல்லை. அதைத் தொட்ட ஆய்வு ஒன்று உண்டு. அவிஷாக் ரைஸ்மன் சான் பிரான்சிஸ்கோவின் ஐந்து உயர்நிலைப் பள்ளிகளில் ஆறு மாதம் ஒரு பரிசோதனை நடத்தி 2012இல் வெளியிட்டார். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாடநூலை ஓரமாக வைத்து, ஒவ்வொரு பாடத்தையும் ஒரு கேள்வியையும் அதற்கான மூல ஆவணங்களையும் சுற்றி அமைத்தார்கள். அந்த வகுப்புகளின் பிள்ளைகள் வரலாற்றுச் சிந்தனையில் முன்னேறியதோடு, சாதாரண வாசிப்புத் திறனிலும், தகவல்களை நினைவில் வைப்பதிலும் மற்ற வகுப்புகளை முந்தினார்கள். இரண்டு ஆய்வையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிகிறது. பட்டத்தின் பெயர் வகுப்பறைக்குள் எதையும் மாற்றாது. பட்டத்தில் என்ன படித்தார்கள், அதைப் பாடமாக மாற்றப் பழகினார்களா என்பது மாற்றும்.

ஆகவே எந்தப் பட்டம் என்ற கேள்வி முக்கியமாகிறது. இலங்கைத் தகைமைச் சட்டகம் 12 மட்டங்கள் கொண்டது. பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் மட்டம். முதுமாணியில் இரண்டு வகை. 9ஆம் மட்டத்தது 30 திறமைப் புள்ளிகள் கொண்ட பாடநெறி. விரிவுரை, ஒப்படை, பரீட்சையோடு முடித்துவிடலாம். 10ஆம் மட்டத்தது 60 புள்ளிகள், அதில் குறைந்தது 15 புள்ளிகள் ஆய்வுக்கு உரியவை. முதுதத்துவமாணி 11, கலாநிதி 12. வார இறுதியில் படித்து விரைவாக முடியும் என்பதால் 9ஆம் மட்டத்தில் நின்றுவிடும் விருப்பம் பலருக்கு இருப்பது விளங்கக்கூடியது. பதவி உயர்வுதான் நோக்கம் என்றால் அது போதும். வரலாற்று ஆசிரியருக்கு அது போதாது என்பது என் துணிபு. ஆய்வு இல்லாத முதுமாணிப் பட்டம் அவருக்கு இன்னும் கொஞ்சம் குறிப்புகளைத் தருகிறது. குறிப்புகளை உடைத்துப் பார்க்கும் கருவியைத் தருவதில்லை. பல்கலைக்கழகங்களும் இதில் ஒரு படி இறங்கி வரவேண்டும். வரலாற்றுத் துறையும் கல்வியியல் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கும்போது, ஒரு மாணவருக்கு இரண்டு துறையிலிருந்தும் ஒவ்வொரு மேற்பார்வையாளர் என்று வைப்பதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை.

காசும் நேரமும் பெரிய தடைகள். ஐந்து நாள் பாடசாலை, வீட்டில் பிள்ளைகள், பயணச் செலவு, பாடநெறிக் கட்டணம். பெண் ஆசிரியர்களுக்கு இவை இரட்டிப்பாக நிற்கின்றன. ஆசிரியரே இல்லாத பாடசாலைகள் வன்னியிலும் தீவகத்திலும் இருக்கும்போது மேற்பட்டம் பற்றிப் பேசுவது வசதி படைத்தோர் பேச்சு என்றும் சொல்லலாம். எல்லா வரலாற்று ஆசிரியரும் ஆய்வேடு எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு கல்வி வலயத்தில் நான்கைந்து பேர் அப்படி உருவானாலே போதும். அவர்கள் தயாரிக்கும் ஆவணத் தொகுப்புகளை ஆசிரிய ஆலோசகர்கள் வழியாக மற்றப் பாடசாலைகளுக்குக் கொடுக்கலாம். அதற்குப் பதிலாக அந்த நான்கைந்து பேருக்கு ஆய்வுக் காலத்தில் சம்பளத்தோடு லீவும், ஆங்கில வாசிப்பில் உதவியும் கிடைக்க வேண்டும். தமிழில் முதுமாணி செய்யலாம். ஆனால் போர்த்துக்கேய, ஒல்லாந்த, ஆங்கிலேய ஆட்சிகளின் ஆவணங்கள் தமிழில் இல்லை என்பதை மறைத்துப் பயனில்லை.

இன்னொரு தயக்கம் வெளியே சொல்லப்படாதது. போரையும் புதைகுழியையும் வகுப்பில் பேசினால் வில்லங்கம் வரும், இதற்காகப் படிப்பதே ஆபத்து என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பயத்துக்குக் காரணமில்லை என்று தூர இருந்து சொல்லுவது நியாயமில்லை. ஆனால் பேசாமல் விடுவதால் விஷயம் பேசப்படாமல் போவதில்லை. பிள்ளை அதைக் கைத்தொலைபேசியில், கூச்சலாகக் கேட்டுக்கொள்கிறது. முறையறிந்த ஆசிரியரின் பாதுகாப்பு, அவர் சொல்வதற்கெல்லாம் ஆதாரம் காட்டக்கூடியவராக இருப்பதும், ஆதாரம் நிற்கும் இடத்தில் தானும் நிற்பதும்தான். அந்த நேர்மை நம் பக்கத்தையும் கேள்வி கேட்கும். 1995 ஒக்ரோபர் 30 நமக்கு இடப்பெயர்வு நாள். அதற்குச் சரியாக ஐந்து வருடம் முன், 1990 ஒக்ரோபர் 30, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட நாள். ஒரே திகதியின் இரண்டு இடப்பெயர்வுகளையும் ஒரே பாடத்தில் வைக்கத் துணியாதவர் 1995ஐக் கற்பிக்கும் தகுதியையும் இழக்கிறார். எழுபது வருடங்களில் மூன்று பெரும் போர்களைக் கண்ட பிரான்சும் ஜெர்மனியும் 2006இல் மேல் வகுப்புகளுக்கு ஒரே வரலாற்றுப் பாடநூலைச் சேர்ந்து எழுதி வெளியிட்டன. அதற்கு முன் பல பத்தாண்டுகள் இரு நாட்டு ஆசிரியர்களும் வரலாற்றாளர்களும் ஒருவர் பாடநூலை ஒருவர் வாசித்துத் திருத்திக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு மேசை இங்கே என்றாவது போடப்பட்டால், அதில் அமரப் படித்த ஆசிரியர்கள் நம்மிடம் இருக்க வேண்டும்.

அரியாலையில் கற்பிக்கும் ஒருவர் எதை ஆய்வேடாக எழுதலாம் என்று எண்ணிப் பார்த்தால் வரிசை நீளும். ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளில் பதிவான காணிகளும் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டமும் இன்றைய காணி உறுதிகளில் எப்படித் தொடர்கின்றன. செம்மணி உப்பளத்தில் வேலை செய்தவர்களின் வாழ்க்கை. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மலாயாவுக்குப் போனவர்கள் அனுப்பிய காசு எந்தக் கோயிலையும் எந்தப் பள்ளிக்கூடத்தையும் கட்டியது. நாவற்குழிப் பாலம் வரை நடந்தவர்களின் வாய்மொழிச் சாட்சியங்கள், அவர்கள் இருக்கும்போதே. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது 97,000 வரையான நூல்களும் ஏடுகளும் போயின என்பதால் இவற்றில் பலவற்றுக்கு வீட்டுப் பெட்டகங்களையும் கோயிற் கணக்குகளையும் பழைய ‘உதயதாரகை’ இதழ்களையும் தேடித்தான் போக வேண்டும். வெளியூர் ஆய்வாளருக்குத் திறக்காத பெட்டகம் ஊர்ப் பிள்ளைகளைப் படிப்பித்த ரீச்சருக்குத் திறக்கும். 2005 முதல் இயங்கும் நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் பத்திரிகைகளும் ஏராளமாக ஏறியிருக்கின்றன. ஆசிரியர்கள் கண்டெடுக்கும் ஆவணங்களும் அங்கே போய்ச் சேரலாம். இப்போது எழுதப்படும் ஆய்வேடுகள் பல்கலைக்கழக நூலகத்தின் ஒரு தட்டில் கட்டுக் குலையாமல் இருக்கின்றன. கற்பிக்கும் ஒருவரின் ஆய்வேட்டை ஏற்க ஒரேயொரு நிபந்தனை கூடுதலாகப் போட்டால் போதும்: கடைசிப் பின்னிணைப்பாக, தரம் 10 பிள்ளைகளுக்கு நாற்பது நிமிடத்தில் நடத்தக்கூடிய ஒரு பாடம். இரண்டு மூல ஆவணங்கள், பிள்ளைக்கு விளங்கும் தமிழில். மேலே ஒரு கேள்வி. கீழே பிள்ளை தன் விடையையும் அதற்கான ஆதாரத்தையும் எழுத வெறுமையாக விட்ட பத்து வரி.